அப்பாவுக்கு அவள் வைத்த பெயர்

கடைத்தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டும் வேலை. வாய் சாமர்த்தியம் உள்ள மனுஷன். பிள்ளைக்குப் பவர் வந்துவிட்டதே என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வரும் அம்மாக்களை முதலாளி அவரிடம்தான் தள்ளிவிடுவார். “எதுக்கும்மா அழுறீங்க? மூக்கு மேல என்ன உக்காந்திருந்தா என்ன? நாலு பேரு பேசினா பேசிட்டுப் போறாங்க” என்று அவர் ஆரம்பித்தால், அழுதுகொண்டு வந்தவள் சிரித்துக்கொண்டு போவாள். இந்த ஞானமெல்லாம் கடை ஷட்டரோடு சரி.

அவருடைய ஒரே மகளுக்குக் காது கேட்காது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று நினைத்து இரண்டு வயது வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் பரிசோதனை, காதுமெஷின், பயிற்சி மையம் எல்லாம். மெஷின் போட்டும் பெரிய சத்தங்கள்தான் எட்டின. “வாய்ப்பேச்சு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் பிள்ளையைப் பேச்சில்லாம பட்டினி போடாதீங்க, கையால பேசுங்க” என்று மையத்து டீச்சர் சைகை சொல்லிக்கொடுத்தார். மனைவி கப்பென்று பிடித்துக்கொண்டாள். நாலு வயதுக்குள் வாண்டு கை ஓயாத வாயாடி ஆகிவிட்டாள். பால் வேண்டாம், பல்லி எங்கே போச்சு, பக்கத்து வீட்டுப் பாப்பா ஏன் அழுதது, எல்லாம் பத்து விரலில் வந்து விழும். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்காரரும் அரைகுறையாகப் பதில் சொல்வார்.

வாசல்படி தாண்டினால் அவர் வேறு ஆள். பஸ்ஸில் மகளை மடியில் வைத்து, அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைக்குள் அடக்கிக்கொள்வார். வெளியே எதையாவது பார்த்துவிட்டால் அவள் மணிக்கட்டை உருவப் பார்ப்பாள். விடமாட்டார். விட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அந்த ‘ஐயோ பாவம்’ அவர் தலையில் நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களுக்கோ அவர் பாசக்காரத் தகப்பன்.

“விடுங்களேன், அது பேசட்டுமே” என்று மனைவி முணுமுணுப்பாள்.

“இறங்கினப்புறம் பேசட்டும். இப்ப என்ன அவசரம்?”

பேச வந்ததை அடக்கிவைப்பது என்ன பாடு என்று அவருக்கா தெரியாது? நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிற மனுஷன்!

ஒருநாள் மையத்துக்கு அப்பாக்களும் கட்டாயம் வரவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார் கண்ணாடிக்காரர். டீச்சர் வீட்டுப் போட்டோக்களை எடுத்துக் காட்ட, அம்மா படம் வந்ததும் வாண்டு கன்னத்தில் விரலை வைத்துத் திருகினாள்.

“அம்மாவுக்குக் கன்னத்துல குழி விழுதில்ல, அதான். ஆளுக்கொரு அடையாளம் பாத்து இந்தப் பிள்ளைங்களே சைகையில பேர் வச்சிடுவாங்க” என்று சிரித்தார் டீச்சர்.

கண்ணாடிக்காரருக்கு உள்ளூரக் குஷி. தன் பெயர் மூக்குக்கண்ணாடியாகத்தான் இருக்கும், வேறென்ன? போட்டிருந்ததை ஏற்றிச் சரிசெய்துகொண்டார்.

அடுத்தது அவர் படம். வாண்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இடது மணிக்கட்டை வலது கையால் இறுகப் பிடித்து, மடியில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

டீச்சருக்குப் புரியவில்லை. “மணிக்கட்டா? சார் வாட்ச் கட்டுவீங்களோ?”

“ஆமா டீச்சர், வாட்ச்தான்” என்றார் அவர், வெறும் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே.

மனைவிக்கு இந்தப் பெயர் முன்பே தெரியும் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளை கோபத்திலா வைத்தது அந்தப் பெயரை? ஆசையாக அல்லவா வைத்திருக்கிறது! அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. போதாக்குறைக்கு அதன் மேல் ஒரு பொய் வேறு. அந்தக் குட்டி நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மகளை மடியில் வைத்துக்கொண்டார், கையைப் பிடிக்கவில்லை. வாண்டு தன் கைகளைத் தானே கோத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒருவன் சைக்கிளில் ஆளுயரத்துக்குப் பலூன் கட்டிக்கொண்டு போனான். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் மட்டும் அசையவில்லை. எதிர் சீட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கண்ணாடிக்காரர் அவளைத் தன் பக்கம் திருப்பி, கைகளை உயர்த்தி, ‘அங்கே என்ன பார்த்தாய்?’ என்று கேட்கத் தொடங்கினார்.

பாதிகூட முடியவில்லை. வாண்டு திடுக்கிட்டு எதிர் சீட்டைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள். சட்டென்று அவருடைய மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தினாள். ‘கூடாது’ என்று தலையை ஆட்டினாள்.

தன் வெட்கம் தன்னோடு போகும் என்று நினைத்திருந்தார் அந்த மனுஷன். அதைச் சிந்தாமல் சிதறாமல் மகளுக்கு ஊட்டிவிட்டிருந்தார்.

“மன்னிச்சுக்கோன்னு எப்படிக் காட்டணும்?” என்று மனைவியிடம் கேட்டார், பாதி பஸ்ஸுக்குக் கேட்கும்படி.

“காட்டலாம். முதல்ல அவ உங்க கையை விடட்டும்” என்றாள் அவள்.

வாண்டு விடுவதாக இல்லை.