மின்தடை இல்லாத பொருள்

அன்று விடிந்ததிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை. களத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தேன். செல்போனில் தண்டபாணியின் மனைவி பேசினாள். "அத்தே, போயிட்டாருங்க" என்றாள். அவ்வளவுதான். நோய் முற்றிவிட்டது என்று முன்பே தெரியும். ஆனாலும் நாள்தவறாமல் முருகனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் காதில் ஏறவில்லை. வெங்காயத்தால்தான் கண்ணில் நீர் வருகிறது என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவன் என் அண்ணன் மகன். செட்டிகுளத்து மலை முருகன் பெயரையே அவனுக்கு வைத்தோம். இயற்பியல் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, சென்னையில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூட விழா நினைவிருக்கும். "மின்தடையே இல்லாத பொருளை ஆராய்கிறார்" என்று தலைமையாசிரியர் மேடையில் சொன்னார். மின்தடை என்றால் எங்களுக்குத் தெரிந்தது கரண்ட் கட் ஒன்றுதான். கைதட்டல் ஓயவில்லை. இறங்கி வந்தவனைச் சுற்றிக்கொண்டு, எங்கள் மோட்டார் லைனுக்கு முதலில் கொடுங்கள் தம்பி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கினான். "நான் சொல்ற தடை வேற அத்தே. தைப்பூசக் கூட்டத்துல இடிச்சிக்கிட்டுத்தானே மலையேறுறோம்? கம்பிக்குள்ள கரண்டும் அப்படித்தான் போகுது. சில பொருளை ரொம்பக் குளிர வச்சா, உள்ள இருக்கறதெல்லாம் ஜோடி ஜோடியாக் கைகோத்துக்கிட்டு இடிக்காமப் போயிடும்."

"அப்ப குளிருதான் அதுக்குச் சாமியா?" என்றேன்.

"அந்தச் சாமி இல்லாமலே நடக்க வைக்கப் பாக்குறேன்" என்று சிரித்தான்.

சில வருடம் கழித்து, நடந்துவிட்டது என்று செய்தி வந்தது. பொடிகளைக் கலந்து, அழுத்தி, உலையில் சுட்டு அவன் செய்த கறுப்பு வில்லை ஒன்று, அத்தனை குளிர் இல்லாமலே தடையை இழந்ததாம். வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. நான் வேண்டியிருந்தபடி பால்குடம் எடுத்தேன். அண்ணன் கடைத்தெருவில் பார்த்தவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். பாராட்டு விழாவுக்கு ஊரே கூடியது.

தண்டபாணி மாலையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பேசினான். அந்தக் கண்டுபிடிப்பு தவறு. திரும்பச் சோதித்தபோது, மின்னழுத்தம் அளக்கிற கம்பி ஒன்று வில்லையிலிருந்து விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அந்தக் கம்பி விட்டுப்போனால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்; தடையே இல்லாததுபோலத் தோன்றும். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன் என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. பந்தலின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "கரண்டு குடுக்குறேன்னு சொல்லி ஃபியூஸைப் புடுங்கிட்டியே தம்பி!" எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் முன்வரிசையில் தலை குனிந்திருந்தார்.

வீட்டில் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். "ஊரைக் கூட்டியாடா சொல்லணும்?"

"ஊரைக் கூட்டித்தானேப்பா பாராட்டுனாங்க."

அதற்குப் பிறகு அண்ணன் அவனிடம் சரியாகப் பேசவில்லை. வா, சாப்பிடு, எப்ப பஸ்ஸு, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கூடத்திலும் அவனுக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு மனசு ஆறவில்லை. "கட்டுரையத் திருப்பி வாங்கிட்ட. நான் எடுத்த பால்குடத்தை எப்படிடா திருப்பி வாங்குறது?" என்று ஒருநாள் திட்டினேன். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த முறை வந்தபோது அந்தக் கறுப்பு வில்லையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். "இது பொய் சொல்லல அத்தே. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

அதன்பின் வேறு வேறு வில்லைகள் செய்தான். எதுவும் அவன் நினைத்ததுபோல் வரவில்லை. படுக்கையில் விழும்வரை உலையை அணைக்கவில்லை என்று அவன் மனைவி சொல்கிறாள்.

காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலித் தட்டி வைக்க, பங்காளி வீட்டுப் பிள்ளைகள் வாசகம் எழுதிவந்தார்கள். அண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார். "மின்தடை இல்லாத பொருளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி" என்று படித்தார்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிக்கவில்லையோ என்று அவர்கள் காகிதத்தை மடிக்கப்போனபோதுதான் வாய் திறந்தார்.

"கண்டுபுடிச்சான்னு போடாதீங்க. அதான் இல்லன்னு எம்புள்ள ஊரைக் கூட்டிச் சொல்லிட்டுப் போயிருக்கான். தேடுனான்னு போடுங்க."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவன் இருந்தபோது இதை ஒருமுறை அவன் காதில் போட்டிருக்கலாம். முருகா, அது நடக்கவில்லை.

தேடிய விஞ்ஞானி என்றுதான் தட்டி வைத்தார்கள். அடுத்த மழையில் அது கிழிந்து போயிற்று. அந்த வில்லை என் சாமி மாடத்தில் திருநீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முருகனிடம் இன்னது வேண்டும் என்று வாயெடுக்கும் முன், சரியாகத்தான் கேட்கிறேனா என்று ஒருதரம் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.