பிற்பகல் வரை பணியில்

முதல் அறிகுறி ஒரு தட்டு. மின்மீட்டர் உறைகளை அடுக்கிய அலுமினியத் தட்டை ஸ்டோரிலிருந்து சோதனை மேசைக்குத் தூக்கி வருவது என் வேலைகளில் ஒன்று. நாற்பது அடி தூரம் இருக்கும். மூன்று மாதமாகத் தூக்கிய தட்டை ஏப்ரலில் ஒரு காலை பாதி வழியில் தரையில் வைத்துவிட்டேன். கை வலிக்கவில்லை. மூச்சுதான் போதவில்லை.

இது போன ஆண்டு, 1991இல் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் ஒரு கம்பெனியில் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். வீடு வல்லத்தில். கம்பெனி வேன் எங்களை ஏற்றிப்போகும் சாலையில் ஒரு பகுதி என் அப்பா உருட்டியது. நெடுஞ்சாலைத் துறையில் அவர் ரோடு ரோலர் ஓட்டுநர்.

அறிகுறிகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது. தலையணை இரண்டாகிவிட்டது. மல்லாந்து படுத்தால் இருமல். சோதனை மேசையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணினால், உட்கார்ந்திருக்கும்போதே நூறைத் தாண்டியது. எழுதி வைத்தால் பாதி சரியாகிவிடும் என்று நினைக்கிற ஆள் நான். இரண்டரை மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். உங்களில் யாராவது அப்படி எழுதிக்கொண்டிருந்தால், நோட்டை மூடிவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.

கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மருந்தகம் உண்டு. அங்கே போனேன். பயிற்சியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். நான் வாங்குவது உதவித்தொகையாம், சம்பளம் இல்லையாம். எட்டு மணி நேரம் நின்று பார்ப்பது வேலைதானே என்று கேட்டேன். அதைக் கம்பெனியில் போய்க் கேட்கச் சொன்னார்கள்.

சென்னையில் அரசு மருத்துவமனையில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். மைட்ரல் வால்வு சுருக்கம் என்று வந்தது (இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு தடித்து ஒட்டிக்கொண்டு, ரத்தம் நுரையீரலில் தேங்குவது). சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டார். எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருந்தது.

"ஏழு வயசுல முட்டி வீங்கிக்கினு ஒரு மாசம் படுத்துக்கினு இருந்துச்சி டாக்டர். வளர்ற புள்ளைக்கு வர்ற வலின்னு சொன்னாங்க. எண்ண தேச்சி விட்டேன்."

அது ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்). மூட்டு சரியாகிவிட்டது, இதயம் ஆகவில்லை. வால்வைத் திறந்துவிட வேண்டும், அதிகம் தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். அங்கே அறுவை இலவசம். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் என் முறை அடுத்த கோடைக்குப் பக்கத்தில்தான் வரும். அதுவரை என் நுரையீரல் தாங்குமா என்று கேட்டேன். அவர் மாத்திரையை எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அப்பா உற்சாகமாகவே இருந்தார். அரசு ஊழியர்களின் குடும்பத்துக்கு அறுவைச் சிகிச்சை உதவித் திட்டம் ஒன்று இருந்தது. மாதாமாதம் அவர் சம்பளத்தில் அதற்காகப் பிடித்தார்கள். அனுமதி கிடைத்தால் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.

"இத்தினி நாளா புடிச்சானுங்களே, எதுக்குப் புடிக்கிறானுங்கன்னு திட்டிக்கினு இருந்தேன். இப்பத்தான் தெரியுது," என்றார்.

அடுத்த திங்களன்று காஞ்சிபுரத்தில் உள்ள அவருடைய அலுவலகத்துக்கு இருவரும் போனோம். பிரிவு எழுத்தர் அமுதவல்லி மேடம் கோப்பைப் பிரித்து, அப்பா கொடுத்திருந்த குடும்ப விவரப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அது என் கையெழுத்து. ஜனவரியில், நான் பயிற்சிக்குச் சேர்ந்த வாரத்தில், அப்பாவுக்காக நான் நிரப்பியது. அம்மாவின் வரிசையில் தொழில், வருமானம் என்ற கட்டங்களுக்குக் கோடு போட்டிருந்தேன். என் வரிசையில் கம்பெனியின் பெயர் இருந்தது. பக்கத்தில் மாத வருமானம் இருந்தது.

"இத யாரு எழுதச் சொன்னது?" என்றார்.

"கட்டம் இருந்தது மேடம்."

"ட்ரெய்னிங்ல இருக்கிற பிள்ளைங்க எத்தனையோ பேர் இந்த ஆபீஸ் லிஸ்ட்ல இருக்காங்க. எல்லாரும் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுக் கொடுத்தாங்க. நீ மட்டும் சம்பளக்காரின்னு எழுதிட்ட. சம்பாதிக்கிற பொண்ணு அப்பாவைச் சார்ந்தவ ஆக மாட்டா."

அளவீட்டுத் தாளில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதே என்று பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம்தான். கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் தெருவில் கம்பெனியின் பெயரை எழுத முடிந்த முதல் பெண் நான்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "மேடம், அடிச்சிட்டு எழுதிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"அடிச்சா ஆதாரம் வேணும். இன்னொண்ணும் சொல்றேன் ஏழுமலை. உங்களுக்கு செப்டம்பர் முப்பது பிற்பகலோட சர்வீஸ் முடியுது. ரிடையர் ஆயிட்டா இந்தத் திட்டம் கிடையாது. பென்ஷன்ல மருத்துவப்படின்னு மாசம் கொஞ்சம் வரும். அவ்வளவுதான். பொண்ணு ஆபரேஷனுக்கெல்லாம் வராது."

"அப்ப இத்தினி நாளு புடிச்சது?"

"அது சர்வீஸ்ல இருந்த வரைக்கும்."

அன்றைக்கு ஆகஸ்ட் ஐந்து.

நான் சம்பாதிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் ஒன்றுதான்: கம்பெனியை விட்டு விலகியதற்கான கடிதம். உதவித்தொகை சம்பளம் ஆகாது என்று இ.எஸ்.ஐ. சொல்லியிருந்ததை அமுதவல்லி மேடத்திடம் சொன்னேன். அது அந்தத் துறை, இது இந்தத் துறை என்றார். கெட்ட மனுஷி இல்லை. விண்ணப்பத்தை அவரே எழுதிக் கொடுத்தார். எங்கே என்ன இணைக்க வேண்டும் என்று பென்சிலில் குறித்துத் தந்தார். ஆனாலும் அந்த அறையில் இருந்த யாரையும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, என்னையும் சேர்த்து.

கம்பெனியில் எங்கள் பிரிவு மேலாளர், "நாலரை மாசம்தானே பாக்கி? முடிச்சா சர்டிபிகேட் கையில வரும்," என்றார். விலகல் கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். பையன்கள் இருவர் என் சோதனை மேசையை அன்றே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் குன்றத்தூரிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, வந்தார். நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. மாப்பிள்ளையும் தயார், அவருடைய மகன்.

"மாருல தையல் போட்டப்புறம் எவன் வருவான் சொல்லு? தாலி ஏறிட்டா புருசன் பாத்துப்பான். நான் இன்னா அசலா?"

அம்மா தலையாட்டிவிட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

"தாலி ஏறிச்சின்னா அவ எங்க வூட்டு லிஸ்ட்ல இருக்க மாட்டா. உன் வூட்டு லிஸ்ட்ல வந்துடுவா. உன் புள்ள லாரி கிளீனரு. அவனுக்கு இன்னா லிஸ்ட் கீது?"

"லிஸ்டு லிஸ்டுன்னுக்கினு! பொண்ணா, ரேஷன் கார்டா?"

"ரெண்டும்தான். மோர ஊத்து."

அத்தை மோர் ஊற்றாமல் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கிராம நிர்வாக அலுவலரின் சான்று, விலகல் கடிதம், அரசு மருத்துவரின் பரிந்துரை, மதிப்பீடு என்று எல்லாம் சேர்ந்து மேலே போய், செப்டம்பர் பதினெட்டாம் தேதி அனுமதி ஆணை வந்தது. ‘பணியில் உள்ள காலத்தில் செய்யப்படும் அறுவைக்கு மட்டும்’ என்று ஒரு வரி. தனியார் மருத்துவமனையில் இருபத்தேழாம் தேதிக்கு அறுவை குறித்தார்கள். இருபத்து மூன்றாம் தேதி எனக்குச் சளி பிடித்தது.

அறுவை மருத்துவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, அக்டோபர் இரண்டாம் வாரம் பார்க்கலாம் என்றார். ஆணையைக் காட்டினேன். படித்தார்.

"உங்க வால்வுக்கு மாசக் கடைசி எல்லாம் தெரியாதும்மா."

"எங்க நைனாவோட சர்வீசுக்குத் தெரியும் சார்."

சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். செய்யப்போவது மூடிய முறை வால்வுத் திறப்பு (இதயத்தை நிறுத்தாமல், விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, விரலும் விரிப்பானும் கொண்டு வால்வைப் பிரிப்பது). அதில் பெரிய பயமில்லை. பயம் நுரையீரலைப் பற்றித்தான். சளியோடு மயக்கம் கொடுத்தால் நிமோனியா (நுரையீரல் அழற்சி) வரலாம். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். சனி, ஞாயிறு மருந்து கொடுத்துப் பார்ப்போம், காய்ச்சல் இல்லாவிட்டால் திங்கள் காலை முதல் ஆளாக எடுக்கிறேன், முடிவு உங்களுடையது என்றார்.

திங்கள்தான் முப்பது.

தாழ்வாரத்தில் அப்பா கேன்வாஸ் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். விவரத்தைச் சொன்னேன். 

"எங்கம்மா ஒரு மாசம் கழிச்சிப் பெத்திருக்கக் கூடாதா? அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்," என்றார்.

நானும் சிரித்தேன். இருமல் வந்தது. இரண்டு பேரும் அது கேட்காத மாதிரி இருந்தோம்.

நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினேன். இடப்பக்கம், சளியோடு திறந்தால் என்ன ஆகலாம். வலப்பக்கம், அடுத்த கோடை வரை வால்வு சும்மா இருக்குமா. இரண்டு பக்கத்திலும் எண் எழுதுமிடம் காலியாகவே இருந்தது. ஞாயிறு மாலை காய்ச்சல் இல்லை, இருமல் இருந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்தபோது மாலைப் பார்வை நேரம். வாயில் குழாய் இல்லை, இடது விலாவில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா புதிய சால்வையோடு நின்றார். காஞ்சிபுரம் போய் ரோலர் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். ஓய்வுக்குப் போட்ட பூமாலையை நர்ஸ் உள்ளே விடவில்லை. கட்டிலருகே குனிந்து சொன்னார்:

"எனக்கு மூணு மணிக்கு முடிஞ்சிது. உனக்குப் பதினொன்னரைக்கே முடிஞ்சிதாம். நீதான் மொதல்ல."

இங்கே இந்தக் கட்டுரையை முடிக்க முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கிச் சீழ் கோத்தது. எடுத்த குழாயை மறுபடி போட்டார்கள். வால்வு நன்றாகத் திறந்திருந்தது. அதைத்தான் தினமும் காலையில் சொன்னார்கள். நான் இருபத்தாறு நாள் கிடந்தேன்.

அறுவைக்கான தொகை மருத்துவமனைக்குப் போனது. அதற்குப் பின்வந்த நாட்கள் ஓய்வூதியரின் மகளுடைய நாட்கள், அவை எந்தத் திட்டத்திலும் இல்லை. மிச்சம் வைத்த விடுப்புகளுக்காக அப்பாவுக்கு வந்த பணம் வீட்டுக்கு வராமலே அங்கே கட்டப்பட்டது. முப்பது ஆண்டு காய்ச்சலோடும் ரோலர் ஓட்டி அவர் மிச்சம் பிடித்த விடுப்பு அது. பார்க்க வந்தவர்கள், "கவர்மெண்டு ஆளு, உனக்கு இன்னாபா கவல?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.

அவசரப்பட்டது சரியா என்று இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தால் நுரையீரல் தப்பியிருக்கலாம். காத்திருந்தால் நான் இல்லாமலும் போயிருக்கலாம். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அரசு ஊழியர் இருந்தால், அவர் கோப்பில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். மகளுக்குக் கல்யாணமானால், வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஓய்வுக்குப் பிறகு என்ன கிடைக்கும் என்பதைவிட, எதெல்லாம் நின்றுபோகும் என்று கேளுங்கள். அறுவை நாள் கணக்கா, மருத்துவமனையில் சேர்ந்த நாள் கணக்கா, வீடு திரும்பும் நாள் கணக்கா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் முதல் நாள் கேட்காதது அதுதான்.

ஜனவரியில் கம்பெனி பயிற்சிக்குப் புதிய ஆட்களை எடுத்தது. போனேன். உடல் தகுதிச் சான்று கேட்டார்கள். விலாவில் தொடங்கி முதுகு வரை போகும் தழும்பைப் பார்த்த கம்பெனி மருத்துவர் படிவத்தில் ஏதோ எழுதி, மடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

இப்போது தெருவிலுள்ள இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மூச்சு வாங்குவதில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பேச முடிகிறது. தழும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு தோலுக்கு உணர்ச்சி இல்லை. குளிக்கும்போது அங்கே விழும் தண்ணீர் வேறு யார் மேலோ விழுவதுபோல் இருக்கும். வால்வு மறுபடி சுருங்கலாம், பத்து ஆண்டிலோ இருபதிலோ. அப்போது நான் யாருடைய பட்டியலில் இருப்பேன் என்று தெரியாது.

காய்ச்சல் திரும்பாமல் இருக்க இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இன்னும் பல ஆண்டு போட வேண்டும். ஊசி போட்ட இடம் இரண்டு நாள் கட்டிபோல வலிக்கும், நொண்டிக்கொண்டு நடப்பேன். பிறகு பத்தொன்பது நாள் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பத்தொன்பது நாளைத்தான் நான் இப்போது ஒரு மாதம் என்று எண்ணுகிறேன். அதற்கு முப்பதாம் தேதி கிடையாது.