காணாமல் போனவரின் அடையாளங்கள்

காலை பதினோரு மணிக்குப் பால் வாங்கக் கீழே இறங்கிய அப்பா, மதியம் இரண்டாகியும் வீடு திரும்பவில்லை. ஒரு வருடமாகவே அவருக்கு மறதி. சில நாள் சொந்த விலாசம்கூட வாயில் வராது. மயிலாப்பூரில் தேடாத தெரு இல்லை. கடைசியில் காவல் நிலையத்தில் புகார் எழுத உட்கார்ந்தேன்.

"தமிழ்லயே எழுதுங்கம்மா, போதும்" என்றார் ஏட்டு.

கேட்டேனா? இருபது வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த திமிர். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால்தான் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்குமே ஒரு நினைப்பு. பயத்தில் அது இன்னும் முற்றிவிட்டது.

மாநிறத்துக்கு 'வீட்டிஷ் காம்ப்ளெக்‌ஷன்' என்று எழுதினேன். கல்யாண விளம்பரத்தில் வருகிற சொல்லாயிற்றே என்று அடித்தேன். வேறு கிடைக்காமல் மறுபடி அதையே எழுதினேன். அடுத்து 'லாஸ்ட் ஸீன் வேரிங்', கடைசியாகப் பார்த்தபோது உடுத்தியிருந்தது. அந்தக் 'கடைசியாக'வில் பேனா நின்றது. ஐயோ, பேப்பரில் எத்தனை படங்களுக்குக் கீழே அதைப் படித்திருக்கிறேன்! அதற்குப் பின்னால் எப்போதும் வருவதே என் பேனாவிலும் வந்தது: வெள்ளை அரைக்கைச் சட்டை, வேட்டி. இருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

ஏட்டு அதை வயர்லெஸ்ஸில் சொன்னார். பிறகு என்னிடம், "பீச் பக்கம் போற பழக்கம் உண்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. போன் அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ரோந்துக் காவலர் ஒருவர் அப்பாவை பைக்கில் கூட்டிவந்தார். செருப்பில்லை. உதடு வறண்டு வெடித்திருந்தது. பேசக்கூடத் தெம்பில்லாமல் பெஞ்சில் சரிந்தார்.

"இன்னாம்மா நீங்க! சாந்தோம் பஸ் ஸ்டாப்புலதான் குந்திக்கினு இருந்தாரு. ரெண்டு தபா இவரைத் தாண்டிக்கினு போனேன். வெள்ளைச் சட்டைன்னு எழுதிக்கீறீங்களே! மூணாவது தபா சும்மா பேச்சுக் குடுத்தேன், உங்க பேரைச் சொன்னாரு."

அப்பா நீலக் கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். காலையில் பித்தான் போடத் தெரியாமல் அவர் திண்டாடியபோது, விடைத்தாள் திருத்த நேரமாகிறது என்று எரிந்து விழுந்துகொண்டே அதை மாட்டிவிட்டவள் நான்தான்.