கல்லென்று எடுத்த முட்டை

எங்கள் வீட்டு வாசல் ஆணியில், குடைகளுக்குப் பக்கத்தில், நீல நைலான் கயிறு ஒன்று தொங்கும். துணி காயப்போடக்கூட அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அது மாமனாரின் கயிறு.

அணு ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்று, செங்கல்பட்டில் ஏரியை ஒட்டிய எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், வந்த வாரத்திலேயே ஏரிக்கரை நடைபாதையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். யார் கேட்டார்கள் என்று நானும் கணவரும் முணுமுணுப்போம். காலையில் இடுக்கியும் சாக்குமாகக் கிளம்பி, முந்தைய நாள் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன சிப்ஸ் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் பொறுக்குவார். அதோடு நின்றிருந்தால் சரி. மனிதருக்கு எல்லாமே வரிசையாக இருக்க வேண்டும். சிதறிக் கிடந்த சரளைக் கற்களைப் பொறுக்கி, பாதையின் இருபுறமும் அடுக்கிச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார். அலுவலக வாசல் பூச்செடிகளுக்குச் செய்ததை ஏரிக்கும் செய்தார், வேறென்ன.

ஒரு கோடைக் காலை, சிறுசேரிக்கு ஆபீஸ் வண்டி வருவதற்குள் கொஞ்சம் நடக்கலாம் என்று நானும் கூடப் போயிருந்தேன். குனிந்து ஒரு கல்லை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது, கல்லு சூடா கீது?”

வெயில் இன்னும் ஏறவில்லை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு அவர் உள்ளங்கையில் இருந்தது முட்டை. காலடியில் அதேபோல் இன்னும் சில. அதற்குள் ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே அவர் தலையை உரசிப் பறந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. சரளையில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“மனுசன் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்லுவாங்களேம்மா” என்றார். எதையும் தானே சரியாகச் செய்வதாகப் பெருமையடிக்கும் மனிதர், முகம் செத்துப்போய் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். நாஸ்தா வேண்டாம், காபி வேண்டாம். பறவை வந்து முட்டைமேல் உட்கார்ந்தால்தான் எழுந்திருப்பாராம். அதுவோ மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியதே தவிர இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் பொறுமை போய்விட்டது.

“மாமா, அது உங்க கைக்கு பயப்படல. நீங்க இங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்குத்தான் பயப்படுது. எழுந்து வாங்க.”

மருமகள் அதட்டியும் கோபித்துக்கொள்ளாமல் அவர் எழுந்து வந்த ஒரே நாள் அதுதான்.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். அவருக்குக் கண்ணில் புரை, தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “உக்காந்துச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆபீஸ் வண்டி போயே போய்விட்டது. மெல்லக் கத்தல் அடங்கியது. பறவை தரையில் இறங்கி, கொஞ்சம் ஓடி, நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் உடம்பைத் தாழ்த்திக்கொண்டது.

“உக்காந்துடுச்சு மாமா.”

அவர் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இட்லி இருக்கிறதா என்று கேட்டார்.

அன்றே கயிறு வாங்கிவந்து, பாதையில் அந்த இடத்தை இரண்டு பக்கமும் மறித்துக் கட்டினார். நடக்க வருபவர்கள் விடுவார்களா? “இன்னா சார், ஒரு குருவிக்காக நாங்க சுகர ஏத்திக்கினு உக்காரணுமா?” என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்.

“நமக்கு பார்க்கிங் கீது, அங்க நடக்கலாம். அதுக்கு இன்னா கீது?” என்றார் மாமா. சொன்னபடியே கார்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்தார். எதிர்வீட்டுக்காரரும் திட்டிக்கொண்டே கூட நடந்தார். குஞ்சுகள் தாயின் பின்னால் தண்ணீர்ப் பக்கம் ஓடிய பிறகுதான் கயிறு அவிழ்ந்தது. சுண்ணாம்பு வாளியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். அடுக்கிய கற்களையும் தன் கையாலேயே கலைத்துப் போட்டார்.

மாமா இப்போது இல்லை. ஞாயிறுகளில் சென்னையிலிருந்தெல்லாம் ஏரி பார்க்க வருகிறார்கள். வரட்டும், நல்ல காற்று யாருக்குத்தான் பிடிக்காது. இந்தக் கோடையிலும் சரளையில் அந்தக் கத்தல் கேட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மறுமுனையைப் பிடித்துக் கட்டியவர் எதிர்வீட்டுக்காரர்தான். போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகப் பார்த்த ஒரு பெண்ணிடம், “தள்ளி வாம்மா, நீ போனாதான் அது வரும்” என்று அவரே சொன்னார்.

மேலே வந்தேன். வாசல் ஆணி காலியாக இருந்தது. பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துப் பறவை இறங்கி, நின்று, பார்த்து, உடம்பைத் தாழ்த்திக்கொண்டது. பக்கத்தில் கேட்பதற்கு யாரும் இல்லை.

“உக்காந்துடுச்சு மாமா” என்றேன்.