சேவுகன் மடியில் எடுத்த படம்

கந்தர்வக்கோட்டைக் கடைவீதி ஸ்டூடியோவில் சத்யாவுக்கு இரண்டு வேலை. விசேஷ வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பது ஒன்று. எடுத்ததில் மனசுக்குப் பிடித்ததை, வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, தன் இணையப் பக்கத்தில் போட்டு அடியில் நாலு வரி எழுதுவது இன்னொன்று. முதலாவதுக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதுக்கு ஒன்றும் கிடையாது. உயிர் என்னவோ அதில்தான் இருந்தது. பந்தியில் பாயசம் எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிய சம்பந்தி, தாலி கட்டும் நேரத்தில் கொட்டாவி விட்ட மாப்பிள்ளை என்று எட்டு வருஷமாக எழுதியதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் கிடந்தது. வேறெங்கும் பிரதி கிடையாது.

திங்கட்கிழமை காலை போனைத் திறந்தால் பக்கம் இல்லை. "குழந்தையைத் துன்புறுத்தும் படத்தை வெளியிட்டதால் உங்கள் கணக்கு நீக்கப்பட்டது" என்று ஒரு வரி. கீழே, முந்தின நாள் கோயிலில் எடுத்து அவள் போட்டிருந்த படம்.

காத்தாயி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சேவுகன் மடியில் பிள்ளை. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். சேவுகன் ஒரு கையால் அதன் இரண்டு கைகளையும், மறு கையால் தலையையும் அமுக்கிப் பிடித்திருக்கிறார். ஆசாரி விரலில் தங்கக் கம்பி. காதில் பொட்டு ரத்தம். பிள்ளை முகம் முழுக்க வாய். காதுகுத்துக்குப் படமெடுக்கப் போனால் தாய்மார்கள் எல்லாரும் தவறாமல் சொல்வது இதுதான்: "அழுகும்போது எடுத்துருங்க, விட்டுறாதீங்க." சிரிக்கிற படத்தை யார் கேட்டார்கள்?

ஆல்பம் செய்கிற நாகராசு எட்டிப் பார்த்தான். "மொட்டையப் பாத்து மிரண்டுருச்சாக்கா, படத்தையெல்லாம் சோதிக்கிற அவங்க மிசினு?"

"சிரிக்காதடா. அப்பீலு ஒரு தடவைதானாம். அதுவும் போச்சுன்னா எல்லாத்தையும் அழிச்சிருவாங்க."

"அப்ப ஹேக் பண்ணிட்டாங்கன்னு போடு. எவனோ ஏத்திட்டான், எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. என் மச்சினனுக்கு அப்படித்தான் திரும்ப வந்துச்சு."

சத்யா அதையே அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். எவனோ எடுத்த படமா அது? உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. எடிட் செய்துகொண்டிருந்த கல்யாண வீடியோவில் மாலை மாற்றுகிற இடத்தையே வெட்டித் தள்ளிவிட்டு, அதைத் தேடிக் கொஞ்ச நேரம் அல்லாடினாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காத்தாயி வீட்டுக்குக் கிளம்பினாள். பெற்றவளே ஒரு வார்த்தை சொன்னால் அந்த மிசினுக்கு உறைக்காதா?

முந்திரித் தோப்பை ஒட்டிய வீட்டில் சேவுகனும் இருந்தார். சத்யா வாசித்துக் காட்டியதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"துன்புறுத்துறேனா? யாரு, நானா?"

"உங்களைச் சொல்லலண்ணே. மிசினுதான் தெரியாம..."

"மடியில வச்சிருக்கது நான்தான? அப்ப என்னையத்தான சொல்லுது."

"சொல்லட்டும்ணே, நல்லாச் சொல்லட்டும். நீ அமுக்குன அமுக்குல புள்ளைக்குக் கன்னமெல்லாம் செவந்து போச்சு" என்றாள் காத்தாயி.

"நீ சும்மா கெட. தலைய ஆட்டிருந்தா காது கிழிஞ்சிருக்கும்ல?" சத்யா பக்கம் திரும்பினார். "எழுது ஆத்தா, நான் சொல்றேன். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். எந்தங்கச்சிக்கு ரொம்ப வருசங்கழிச்சுப் பொறந்த புள்ள. ஊருல ஒவ்வொருத்தனும் மருமகனை மடியில வச்சு உக்காந்தப்ப நான் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தவன். அதையும் போடு. எஞ்செல் நம்பரையும் போடு. சந்தேகம்னா எங்கிட்டயே பேசச் சொல்லு."

நம்பர் உட்பட எல்லாவற்றையும் எழுதி, காத்தாயி பெயரையும் சேர்த்து அனுப்பினாள்.

அதன் பிறகு போன் கையை விட்டு இறங்கவில்லை. உலையில் அரிசி போடும்போது ஒரு பார்வை, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு பார்வை. சிலிண்டர் கம்பெனி மெசேஜைக்கூட அவசர அவசரமாகத் திறந்து பார்த்தாள். யார் வீட்டுக்குப் படமெடுக்கப் போனாலும் குழந்தை அழுதால் கேமராவைத் தாழ்த்தினாள்.

பதில் வந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தாள். கணக்கைத் திருப்பித் தருகிறார்களாம். படத்தை மட்டும் நீக்கிவிட்டார்களாம். அதற்குக் கீழே இன்னும் ஏதோ ஓடியது. அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். கண் போவதற்குள் கட்டைவிரல் போய்விட்டது.

பக்கம் திறந்தது. கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனாள். முதல் வருஷம் எழுதியது வரை அப்படியே இருந்தது. அப்புறம்தான் மெயிலில் வந்திருந்த அதே பதிலை முழுக்கப் படித்தாள். பொத்தானுக்கு மேலே இருந்தது இது: 'நான் குழந்தையைத் துன்புறுத்தும் படத்தை வெளியிட்டேன். இனி வெளியிட மாட்டேன்.'

அதற்கு இல்லை என்று சொல்ல இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருக்கும்போதே சேவுகன் கூப்பிட்டார்.

"ஆத்தா, வந்துருச்சாமே? நாகராசு சொன்னான்."

"வந்துருச்சுண்ணே."

"நல்லதாப் போச்சு. என்ன சொன்னாங்க? மாமன் மேல தப்பு இல்லன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"அண்ணே, மேளச் சத்தம். ஒண்ணுமே கேக்கல" என்றாள் சத்யா.

மேளக்காரர்கள் அப்போது பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.