கட்டிலுக்குக் கீழே ஐந்து கிலோ மிளகாய்த்தூள்

“ஒரு மாரிக்குத்தான் வருவன். ‘வீட்டை போவம்’ எண்டு என்ரை வாயாலை ஒருக்கா வந்திட்டுதெண்டால், திரும்பி வந்த கையோடை உந்த வானை விக்கிறியள். சரியோ?”

“சரி,” என்றேன். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் வாயிலிருந்து எது வரும், எது வராது என்று எனக்குத் தெரியாதா என்ற துணிவு.

கட்டட வேலை செய்தவர்களை இந்தச் சுவிஸ் நாட்டில் அறுபது வயதில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அறுபது என்பது நடுவயது என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் இதுவரை நான் ஒருவன்தான் அங்கத்தவன். மனைவி வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்து, முழங்கால் தேய்ந்து, எனக்கு முன்னரே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். குளிர் தொடங்கினால் எங்கள் திரிம்பாக் வீட்டுப் படிகளில் அவள் ஏறும் சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். “வெயிலும் காய்ந்த காற்றும் நல்லது” என்று டொக்டர் சொன்னார். அவர் ஒரு கிழமை விடுமுறையை நினைத்திருப்பார். நான் அடுத்த மாதமே ஒரு பழைய வோன்மொபிலை வாங்கிவிட்டேன். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வயிற்றுக்குள் வைத்திருக்கும் வண்டி. தெற்கு ஸ்பெயினில், அல்மேரியாவுக்கு மேலே, ஒரு பாலைவனம் இருக்கிறது. மாரி, அதாவது குளிர்காலம், முழுக்க அங்கே. குளிர் இல்லை, மழை இல்லை. முக்கியமாக, தமிழர் இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மண்டபத்தில் சாமத்தியவீடு, பிறந்தநாள், கலியாணம் என்று நின்று சிரித்த முகத்துக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா?

போவதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். மனைவி ஒருவருக்கு மட்டும் சொன்னாள். அந்த ஒருவரும் ஒருவருக்கு மட்டும்தான் சொன்னார்.

முதல் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரான்சில், லியோனில் இருக்கும் தன் மகளுக்கு ஒருவர் தந்துவிட்ட பருத்தித்துறை வடை. பிறகு ஊறுகாய், ஒடியல் மா, கலியாண அல்பம், குத்துவிளக்கு. எங்கள் ஆட்களில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவருடைய வண்டியில் காலியாக இருக்கும் இடம் அவருடையது அல்ல. வெள்ளிக்கிழமை பாரிசுக்கும் ஒரு பை வந்தது.

“பாலைவனத்துக்குப் போற வழியிலை பாரிஸ் இல்லையப்பா,” என்றேன்.

“லியோனிலை குடுத்தால் அவை பாரிசுக்கு அனுப்புவினம். ஆக்கள் நம்பித் தரேக்கை என்னெண்டு மாட்டன் எண்டுறது?”

சாப்பாட்டுப் பார்சல்கள் எல்லாம் பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் வந்தன. எங்கள் சமையல் சாமான்களும் பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில்தான் இருந்தன. அப்போது இதில் ஒரு ஆபத்தும் தெரியவில்லை.

பேர்ணுக்குக் கிட்டப் போகும்போது பொலிஸ் கைகாட்டி எங்களை ஓரமாக எடுத்தது. அங்கே சாலையில் ஒரு தராசு வைத்திருந்தார்கள். வானை அதில் ஏற்றச் சொன்னார்கள். மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். நாங்கள் மூவாயிரத்து எழுநூற்று நாற்பது.

“இருநூற்று நாற்பது கிலோ இறக்கினால் போகலாம்,” என்றார் பொலிஸ்காரர். என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

“பார்சலுகளை இறக்குவம்,” என்றேன்.

“உங்களுக்கென்ன விசரே? அது ஆக்களின்ரை சாமான். எங்கடையை இறக்குங்கோ.”

எங்களுடையது என்று அவள் சொன்னது என்னுடையதை. தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டேன், நூறு கிலோ போனது. மோட்டார் சைக்கிள் விலைக்கு வாங்கிய இரண்டு மின்சாரச் சைக்கிள்களும் இறங்கின. வெயிலுக்கு விரிக்கும் கூடாரத் துணியும் அதன் கம்பிகளும், இரண்டு சாய்மனைக் கதிரையும் மேசையும், இறைச்சி வாட்டும் அடுப்பு, சுத்தியலும் ஸ்பானரும் போட்ட ஆயுதப் பெட்டி. பாலைவனத்தில் நான் எப்படி இருப்பேன் என்று கற்பனை செய்திருந்தேனோ அது முழுவதும் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நின்றது. தராசு சரியாக மூவாயிரத்து ஐந்நூறு காட்டியது.

சாமானைத் தெருவில் விட்டுப் போக முடியாது. பக்கத்தில், பூம்ப்ளிஸில் இருக்கும் பழக்கமான ஒரு அண்ணைக்குப் போன் அடித்தேன். அவர் அரை மணித்தியாலத்தில் தன்னுடைய பெரிய காரோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றினார். ஏற்றி முடித்துவிட்டு, முன் சீற்றில் இருந்து ஒரு பையை எடுத்தார்.

“தம்பி, இது சின்னது. தூலூஸிலை என்ரை தங்கச்சிக்கு. யாழ்ப்பாணத்துத் தூள், அஞ்சு கிலோதான்.”

பொலிஸ்காரர் தராசைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என் காலைப் பார்த்தாள். பாலைவனத்தில் நடப்பதற்கென்று வாங்கிய கனமான சப்பாத்தும், தொலைநோக்கியும், பறவைகளைப் பற்றிய தடித்த ஜெர்மன் புத்தகமும் சேர்ந்து சரியாக ஐந்து கிலோ வந்தன; அவையும் அண்ணையின் காருக்குப் போயின. குளியலறைச் செருப்போடு நான் வானில் ஏறினேன்.

லியோனில் அண்ணையின் தூளைத் தவிர எல்லாப் பார்சலையும் இறக்கினோம். தூலூஸ் எங்கள் வழியில் இல்லை. ஆனாலும் போனோம். கதவு பூட்டிக் கிடந்தது. அண்ணைக்கு அடித்தேன்.

“ஐயோ தம்பி, அவ இஞ்சை என்ரை வீட்டிலை எல்லோ நிக்கிறா! சொல்லாமல் கொள்ளாமல் நேற்று பிளேனிலை வந்திட்டா. பரவாயில்லை, திரும்பி வரேக்கை குடுங்கோ.”

இப்படித்தான் அந்தத் தூள் எங்கள் கட்டிலுக்குக் கீழே குடிவந்தது.

பாலைவனம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. மண்ணிறக் குன்றுகள், நடுவே காய்ந்த ஆறு, தையல் போட்டதுபோல ஒற்றையடிப் பாதைகள். வான்கள் நிற்கும் திடலில் பாதிப்பேர் சுவிஸ்காரர். பக்கத்து வானில் எமென்டாலிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற சோடி. அந்த மனிதர் காலையில் எழும்பித் தன் வானுக்கு முன்னால் இருக்கும் பாலைவனத்தைத் தும்புத்தடியால் கூட்டுவார். கூட்டிய இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கி எல்லை போட்டிருந்தார். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை சத்தம் போடக்கூடாது என்று எனக்குப் பணிவாக அறிவித்தார். சுற்றிவர எட்டு மைலுக்கு ஆடு மட்டும்தான். ஆடுகளுக்கும் அறிவித்தாரோ தெரியாது.

சிரித்தேன். ஆனால் சிரிக்க எனக்கு ஞாயமில்லை. அவர் வந்த இடத்துக்கு எமென்டாலைக் கொண்டுவந்திருந்தார் என்றால், எங்கள் கட்டிலுக்குக் கீழே பூம்ப்ளிஸ் கிடந்தது.

மூன்றாம் நாள் மனைவி சமைக்க எங்கள் தூள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பயற்றம் பணியாரம். பெட்டி மாறி, எங்கள் மிளகாய்த்தூள் லியோனுக்குப் போய், அங்கிருந்து பாரிசுக்கும் போயிருந்தது.

“கட்டிலுக்குக் கீழை அஞ்சு கிலோ கிடக்கு,” என்றேன்.

“அது எங்கடையில்லை.”

“ரெண்டு கரண்டி. நிறுத்தே பாக்கப் போயினம்?”

“தராசு என்ன செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? ஆக்களின்ரை சாமானிலை கை வைச்சால் நாளைக்கு ஆர் எங்களிட்டை ஒண்டைத் தந்துவிடுவினம்?”

தருவதை நிறுத்துவதற்கு அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியவில்லை.

ஊர்ச் சந்தையில் சிவப்புத் தூள் ஒன்று வாங்கி வந்தேன். நிறம் எங்களுடையது மாதிரியே. வாயில் வைத்தால், மிளகாயைப் பிடித்து நல்லறிவு சொல்லி விட்டிருக்கிறார்கள் போல இருந்தது. கறி வைத்த சட்டியை மனைவி நெடுநேரம் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் எனக்குப் பயம் பிடித்தது. ‘வீட்டை போவம்’ என்ற இரண்டு சொல்லில் ஒன்று ஏற்கெனவே அவள் வாய்க்கு வந்துவிட்டது போல. அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு வெளிக்கிடல் வைத்தேன். காய்ந்த ஆற்றில் நடை. கள்ளிப் பழம் பார்க்கப் போனோம். மாலையில் குன்று சிவக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளியலறைச் செருப்போடு முன்னால் நான், வழிகாட்டி. பின்னால் அவள்.

“வடிவோ?”

“வடிவுதான்.”

“முழங்கால்?”

“ஒண்டுமில்லை. நோகேல்லை.”

உண்மைதான். ஒரு நாள் ஆற்றங்கரை ஏற்றத்தில் அவள் கை ஊன்றாமல் ஏறினாள். மேலே நின்று திரும்பி, ஏன் நிற்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் செருப்பில் புகுந்த கல்லை எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். கண்ணில்தான் ஏதோ புகுந்திருந்தது. இந்த வானை எக்காரணம் கொண்டும் விற்கக்கூடாது என்று அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன். அதுவரைக்கும் அது என் விளையாட்டுச் சாமான்.

இருக்கக் கதிரை இல்லாததால் பின்னேரத்தில் அரிசிச் சாக்கின் மேல் குந்தித் தேத்தண்ணீர் குடிப்போம். எமென்டால்காரர் மனம் பொறுக்காமல் ஒரு கதிரை இரவல் தந்தார். ஒரு கதிரை. அதில் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது கிழமை. காய்ந்த ஆற்றுக்கு நடுவில் என் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைக்காலில் கெந்திக்கொண்டு நிற்கும்போது அவள் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ. வீட்டை போவம்.”

“ஏனப்பா? செருப்புத்தானே!”

“செருப்பில்லை. ராத்திரியிலை அந்தத் தூள் மணக்குது. ஆக்களின்ரை சாமானை இன்னும் எத்தினை நாளைக்குக் கட்டிலுக்குக் கீழை வைச்சுக்கொண்டு படுக்கிறது? அந்தத் தங்கச்சி கறிக்கு என்ன செய்யிறாவோ.”

பாலைவனம் தோற்கவில்லை. வெயில் தோற்கவில்லை. நான்தான், ஒரு தூள் பையிடம். கெந்திக்கெந்தி வானுக்கு வந்து, அண்ணைக்கு அடித்தேன். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணை, நாங்கள் மாரி முடிய முதலே, வெள்ளெனத் திரும்பிறம். தூளைத் தூலூஸிலை குடுத்திட்டு வாறம்.”

“நல்லதாப் போச்சு! தங்கச்சி தூலூஸுக்குத் திரும்பிப் போயிட்டா, வீட்டிலைதான் நிக்கிறா. உங்களிட்டைத் தர ரெண்டு பை கட்டி வைச்சிருக்கிறாவாம். லியோன் ஆக்களும் கேட்டவை. பிறகு தம்பி, வாற மாரிக்கு எப்ப வெளிக்கிடுறியள்? சூக்கிலை இருக்கிற ஒரு பெடிச்சி தேப்பனுக்கு ஏதோ அனுப்பவேணுமாம். நான் சொல்லிப்போட்டன், வான் ஒவ்வொரு வருசமும் போகும் எண்டு.”

நான் மனைவியைப் பார்த்தேன். வானை விற்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டியவள் அவள். அது அவளுடைய நிபந்தனை, அவளுடைய வெற்றி.

“ஓம் அண்ணை,” என்றாள். “கார்த்திகை முடிய வெளிக்கிடுவம். ஐஸ்கிரீம் பெட்டியிலை மட்டும் போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

போனை வைத்த பிறகு நான் வாய் திறந்தேன்.

“ஒண்டும் கதைக்கவேண்டாம்,” என்றாள். “ஆக்களுக்குச் சொல்லியாச்சு. என்னெண்டு விக்கிறது?”

இரவல் கதிரையை எமென்டால்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம். அதன் கால்களைத் துடைத்து வாங்கினார்.

தூலூஸில் தூளை இறக்கி, இரண்டு பையை ஏற்றிக்கொண்டு திரிம்பாக் வந்து இரண்டாம் நாள் பூம்ப்ளிஸுக்குப் போனேன். அண்ணை நிலக்கீழ் அறையைத் திறந்து சைக்கிள், கதிரை, கூடாரம் எல்லாம் எடுத்துத் தந்தார். கடைசியாக என் சப்பாத்து. பாலைவனத்தில் ஒரு நாள்கூடப் போடாதது, புதுத்தோல் மணம். அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், ஒரு பார்சல் தட்டுப்பட்டது.

“இடம் வீணாகக் கிடந்தது தம்பி,” என்றார் அண்ணை. “அது சின்னது. கார்த்திகைக்குத்தான்.”