அப்பாவின் பெட்டியில் இருந்த டாக்கா காகிதம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, படிப்பும் பத்தாவதுதான். ஆனால் அவருடைய காரியத்துக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி உறவில் பலவிதமாகப் பேசப்பட்டது. அதனால் மூத்த மகளான நானே எழுதுகிறேன்.

அப்பா, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தவளக்குப்பத்துக்கு அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்ததால் அப்பாவைப் பிரெஞ்சு படிக்க வைத்தார். அந்தப் படிப்பால், டாக்காவில் ஓர் ஐரோப்பிய நாட்டின் தூதரக அதிகாரியிடம் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். வங்கதேச விடுதலைப் போர் மூண்டதும் ஊர் திரும்பினார். அம்மாவை மணந்தது அதன் பிறகுதான். மில்லில் உழைத்து எங்கள் மூவரையும் ஆளாக்கினார். டாக்காவைப் பற்றிக் கேட்டால், "மழ ஜாஸ்தி" என்பார். அவ்வளவுதான். கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்தபோதும் வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் இறந்த பத்தாம் நாள், வாரிசுச் சான்றிதழுக்காகத் தம்பி அவர் பெட்டியைத் திறந்தான். முத்திரை குத்திய பிரெஞ்சுக் காகிதம் ஒன்று கிடைத்தது. தெருவில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் தயங்கித் தயங்கிப் படித்தார். டாக்காவில் அப்பாவுக்கு ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள்.



"அப்ப நான் ரெண்டாந்தாரமா? இத்தினி வருசமும் மறச்சிட்டாரே! காரியத்துல நான் ஒக்கார மாட்டேன்" என்று அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

முத்திரை இருந்தால் மறுபேச்சுப் பேசாத ஊர் நம் ஊர். நாங்களும் பேசவில்லை.

பதினைந்தாம் நாள், டாக்காவில் அப்பாவோடு ஓட்டுநராக இருந்த பெரியவர் காலாப்பட்டிலிருந்து துக்கம் கேட்க வந்தார். தம்பி காகிதத்தை அவர் முன் நீட்டினான்.

"இதுக்கு என்ன சொல்றீங்க, பெரியப்பா?"

"அந்தப் பையனுக்கு எத்தினி வயசு போட்டுக்கீது?"

"பன்னெண்டு."

"உங்கப்பனுக்கு?"

"இருபத்தி நாலு."

"பன்னெண்டு வயசுல புள்ள பெத்தானாடா அவன்? இத்தினி பேர் கீறீங்க, ஒருத்தருக்குமா கணக்கு வரல?"

பிறகு அவரே நடந்ததைச் சொன்னார்.

போரின்போது வெளிநாட்டாரை அழைத்துப்போக விமானம் வந்ததாம். தூதரக ஊழியர்களின் குடும்பத்தாரும் அதில் ஏறலாம். தம்மிடம் தஞ்சம் புகுந்த உள்ளூர் மக்களை, ஊழியர்களின் குடும்பத்தார் என்று எழுதி, அந்த அதிகாரி தம் கையாலேயே முத்திரை குத்தியிருக்கிறார். கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அப்பாவின் பேரில் தப்பினார்கள்.

"எனக்கு அறுவது வயசுக் கெழவிய பொண்டாட்டின்னு எழுதிட்டாரு தொர. 'ஏன் முசியே, எனக்கு மட்டும் இப்பிடி?'ன்னேன். அந்த நேரத்துலயும் சிரிச்சாரு" என்றார் பெரியவர். பிறகு குரல் இறங்கியது. "வெளிய சொல்லாதீங்கன்னு எங்க கைய புடிச்சிக்கினாரு. தெரிஞ்சா அவரு வேல போவும், இவங்க உசுரு போவும். சண்ட முடிஞ்சப்புறம் நான் எங்க வூட்ல சொல்லிட்டேன். இவன் பொண்டாட்டிகிட்டகூட சொல்லலயே!"

அறைக்கதவு திறந்தது. "மூணு பேரும் பொழச்சாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"பொழச்சாங்கம்மா. ஏரோப்ளேன்ல இருந்து எறங்கினத நான் கண்ணால பாத்தேன்."

மறுநாள் அம்மா காரியத்தில் உட்கார்ந்தார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், காலாப்பட்டுப் பெரியவருக்கும் நன்றி. காகிதத்தில் உள்ள கையெழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. பெயர் தெரியாத அந்த அதிகாரிக்கும் எங்கள் வணக்கம்.

அப்பா, ஒரு காகிதத்தைப் பார்த்து ஐந்து நாள் உங்கள் படத்துக்கு விளக்கேற்றாமல் இருந்தோம். எப்படி எங்களுக்கு மனம் வந்தது என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். மன்னித்துவிடுங்கள்.